வெள்ளிக்கிழமை, ஆறு பேர், ஒரு கிரேக்கக் கடை: என்ன சொல்லி வாங்குவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரமாக, கிரேக்க, மத்தியதரைக் கடல் சாப்பாடு என்று பலகை போட்ட ஒரு கடைக்கு வீட்டாரைக் கூட்டிப்போக நினைக்கிறீர்கள். அப்பாவுக்கு 60 வயது நிறைகிற நாள். அது வெள்ளிக்கிழமையில் வருகிறது, வெள்ளியில் அம்மா மச்சம் தொடமாட்டா. அப்பாவுக்குச் சோறு வயிற்றில் விழாவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை. கிண்ணியாவிலிருந்து உங்கள் தோழி வருகிறா, அவவுக்கு ஹலால் பார்க்கவேண்டும். கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். மெனுவில் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. காசைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பிட்டு அவிக்க வேண்டி வருமோ என்று பயப்படுகிறீர்கள்.

அப்படி ஒன்றும் நடக்காது. நான் ரொறன்ரோவில் டான்ஃபோர்த் வீதியில், கிரேக்கர் கடைகள் வரிசையாக இருக்கிற பகுதியில், பதினொரு வருடம் வேலை செய்தவன். கோப்பை கழுவத் தொடங்கி, கடைசி ஆறு வருடம் சுடுகிற அடுப்பில் நின்றேன். அந்த வீதியில் முன்பக்கம் கிரேக்கர் நின்றாலும் பின்பக்க அடுப்படியில் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர். இப்போது சாம்பல்தீவில் இருக்கிறேன். இந்தச் சாப்பாட்டில் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. அதனால் பதில் நீளும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆளுக்கொரு பிளேட் என்று சொல்லாதீர்கள். எங்கள் ஆட்கள் இந்த மாதிரிக் கடைக்குப் போய் மனம் நொந்து வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். கொத்துரொட்டிக் கடையில் ஆளுக்கு ஒன்று சொல்லலாம், ஒரு கொத்துக்குள் எல்லாம் இருக்கும். கிரேக்கச் சாப்பாடு அப்படிக் கட்டப்பட்டதில்லை. தனியாக ஒரு கோழித் துண்டைச் சாப்பிட்டால் வறட்சியாக இருக்கும், தனியாக ஒரு கிண்ணம் தயிரைச் சாப்பிட்டால் புளிக்கும். எங்கள் வீட்டில் சோற்றைச் சுற்றிக் கறி, சம்பல், பொரியல் வைப்பதுபோல அவர்கள் மேசை நடுவில் ஐந்தாறு சின்னக் கிண்ணம் வைப்பார்கள். ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கு ஆள் கை நீட்டி எடுப்பார்கள். அந்தச் சின்னக் கிண்ணங்களுக்குப் பெயர் மெசே. துருக்கியிலும் லெபனானிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். ஆகவே பரிமாறுகிற பிள்ளையிடம் முதலே சொல்லுங்கள்: எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள், ஆறு வெறும் பிளேட் தாருங்கள்.

அடுத்தது, அந்தக் கடை நல்லதா என்று முதல் ஐந்து நிமிடத்தில் பார்க்கிற வழி. ட்சட்சிகி என்று ஒன்று மெனுவில் இருக்கும். தயிர், வெள்ளரிக்காய், உள்ளி, ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் விநாகிரி அல்லது எலுமிச்சைப் புளி, அவ்வளவுதான். இதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. நான் வேலை செய்த இடத்தில் வயதான அம்மா ஒருவர் காலையில் வந்து இதைமட்டும் செய்துவிட்டுப் போவார். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் பிசறி, அரை மணித்தியாலம் வைப்பார். பிறகு ஒரு துணியில் அள்ளி முறுக்குவார். பச்சைத் தண்ணீர் ஒரு கோப்பை நிறைய இறங்கும். நாங்கள் போதும் என்று நினைத்த இடத்தில் இன்னொரு முறுக்கு முறுக்குவார், அப்போதும் சொட்டும். கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுவது ஈரமில்லாத ஒரு சின்ன உருண்டை. தயிரும் அப்படித்தான், இரவு முழுக்கத் துணியில் தொங்கித் தண்ணீர் வடிந்த தயிர். கலந்து முடிந்ததும் கரண்டியைக் குத்திவிட்டால் விழாமல் நிற்கவேண்டும்.

மேசைக்கு வந்த ட்சட்சிகியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் அவசரத்தில் செய்தது. நாக்கில் இனிப்புத் தட்டினால், கடையில் கப்பில் விற்கிற சீனி போட்ட யோகட்டை விட்டிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஒரு கடையில் எனக்கு அப்படி வந்தது, உள்ளியும் சீனியும் சேர்ந்து ஒரு வாய்க்குமேல் உண்ண முடியவில்லை. எனக்கு உண்மையிலே வருத்தமாக இருந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமைத் தயிர் சட்டிச் சட்டியாக வருகிற ஊர் இது. கிரேக்கத்தில் செம்மறிப்பால் தயிருக்குப் பெயர் பெற்ற அந்தக் கொழுப்பும் இறுக்கமும் எருமைத் தயிரில் இயல்பாகவே இருக்கிறது. கடைக்காரர் ஒரு சட்டி வாங்கி மெல்லிய துணியில் இரவு தொங்கவிட்டால் போதும். ரொறன்ரோவில் நாங்கள் பெட்டியில் வாங்கிய எந்தத் தயிரையும்விட அது திறமாக வரும். வீட்டில் நான் அப்படித்தான் செய்கிறேன், தோழி வரும்போது ஒரு சட்டி கொண்டுவரச் சொல்லி நீங்களும் செய்துபாருங்கள்.

இனி அம்மா. இந்தச் சாப்பாட்டில் அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஆறு பேரில் அம்மாவுக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும். கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவர்களுக்கும் விரத நாள் உண்டு. கிழமையில் புதனும் வெள்ளியும், அதைவிட உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஏழு கிழமை. அந்த நாட்களில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். (கணவாய், இறால், ஒக்டோபஸ் மட்டும் சாப்பிடலாம், அவற்றில் இரத்தம் இல்லை என்பது அவர்கள் கணக்கு.) இத்தனை நாள் விரதம் பிடிக்கிற சனத்துக்கு மரக்கறிச் சமையல் கைவந்ததில் வியப்பில்லை. விரதச் சாப்பாட்டுக்கு நிஸ்திசிமா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் உண்மையாகவே கிரேக்கச் சமையல் படித்தவர் என்றால் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் புரிந்துகொள்வார்.

அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியவை இவை. பெரிய வெள்ளை அவரைக்கொட்டையைத் தக்காளியோடு அடுப்பில் வேகவிட்டது, கிகாண்டெஸ் என்று இருக்கும். ஃபாவா என்று இருந்தால் அது மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் கடைந்து எண்ணெயும் வெங்காயமும் போட்டது. சந்தோரினித் தீவில் பெயர்பெற்றது, எங்களுக்குத் தேங்காய்ப்பால் விடாமல் இறுக்கிய பருப்பு மாதிரி. சுட்ட கத்தரிக்காயை மசித்தது ஒன்று வரும். அம்மா ஒரு வாய் வைத்ததும் இது நாங்கள் சுட்டுச் செய்கிற கத்தரிக்காய்ச் சம்பல்தானே என்பா. பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் இல்லை, மற்றப்படி அதே புகை வாசம்தான். ஹமூஸ் எப்போதும் இருக்கும். அவித்த கடலையோடு, உமி நீக்கிய எள்ளை அரைத்த களி, எலுமிச்சை, உள்ளி. அது கிரேக்கருடையது இல்லை, லெபனான், பாலஸ்தீனம், சிரியாப் பக்கம். ஹமூஸ் என்ற அரபுச் சொல்லுக்கே கடலை என்றுதான் பொருள். பலகையில் மத்தியதரைக் கடல் என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஒரே மேசைக்கு வரும், அதில் பிழையில்லை.

முந்திரிகை இலையில் சோறு பொதிந்து சுருட்டியது டொல்மாடெஸ். இதில் இறைச்சி போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. போடாததற்கு யலஞ்சி என்று பெயர், துருக்கிச் சொல், பொய்க்காரன் என்று அர்த்தம். இறைச்சி இருப்பதுபோல நடிக்கிறதாம். அம்மாவுக்கு அந்தப் பொய்க்காரனைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். தாரமோசலாத்தா என்று இளஞ்சிவப்பாக, மற்றக் கிண்ணங்களைப் போலவே அப்பாவியாக ஒன்று இருக்கும். அது மீன் முட்டை. அம்மாவின் பக்கம் போகவிடாதீர்கள். கீரை வைத்த மடிப்புப் பலகாரத்தில் சீஸும் முட்டையும் இருக்கும், எலுமிச்சைச் சூப்பிலும் முட்டை அடித்திருப்பார்கள். சீஸ் உறையப் போடுகிற உறை பல இடங்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. அம்மா அந்தளவுக்குச் சைவம் பார்ப்பவர் என்றால் வெள்ளியில் சீஸை விட்டுவிடலாம். அது இல்லாமலே மேசை நிறையும்.

அப்பாவுக்கு மீன். இதைப்பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சமையலில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

கிரேக்கக் கடற்கரைக் கடைகளில் மீனைப் பிளேட் கணக்கில் விற்பதில்லை, கிலோக் கணக்கு. ஐஸ் தட்டில் கிடக்கிற மீனைக் காட்டுவார்கள், நீங்கள் பார்த்து எடுப்பீர்கள், நிறுத்து விலை சொல்லிவிட்டுத்தான் அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். உப்புவெளியிலும் அப்படிக் கேளுங்கள். கேட்டால் காட்டாத கடையில் மீன் வாங்கவேண்டாம். தெரிவு செய்கிற வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்கத் திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்கியவருக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்க, கண்ணைப் பார்க்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெயர் தெரியாத சாப்பாட்டு மேசையில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று வந்துவிட்டால், பிறகு மற்றதையும் ருசி பார்ப்பார். விளைமீன், கொடுவா, சின்னப் பாரை எது கிடைத்தாலும் சரி, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட முழு மீன் ஒன்று.

சுடுகிற விதம் எளிது. மீனை நன்றாகத் துடைத்து ஈரம் போக்கி, உப்பும் எண்ணெயும் பூசி, தணல் நன்றாகச் சூடேறிய பிறகுதான் போடவேண்டும். போட்டபின் தொடக்கூடாது. தோல் தானாகக் கம்பியை விடும்வரை நின்று பார்க்கவேண்டும். பழகாதவன் அவசரப்பட்டுப் புரட்டுவான், தோல் கம்பியில் ஒட்டிக்கொண்டு சதை கிழியும். நான் அடுப்புக்கு வந்த முதல் மாதம் எத்தனை மீனை அப்படிக் கிழித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. புளி சுடும்போது போவதில்லை. இறக்கியபின் மூன்று பங்கு ஒலிவ் எண்ணெய்க்கு ஒரு பங்கு எலுமிச்சைப் புளி அடித்து, சூட்டோடு மேலே ஊற்றுவார்கள். இங்கே எலுமிச்சைக்குப் பதில் தேசிக்காய் விட்டால் ஒரு பங்குக்கும் குறையவேண்டும், தேசிக்காய்ப் புளி கடுமை.

தூள் இல்லை, மிளகாய் இல்லை. அப்பா முதல் வாயில் முகத்தைச் சுளிப்பார். உடனே சில்லி சோஸை நீட்டாதீர்கள். வயிற்றுப் பக்கச் சதையில் ஒரு துண்டை அந்த எண்ணெய்ப் புளியில் தோய்த்துக் கொடுங்கள். காலையில் பிடித்த மீனுக்குத் தூள் ஏன் தேவையில்லை என்பது அந்தத் துண்டில் தெரியும். அதற்குப் பிறகும் பச்சைமிளகாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அவருடைய நாள். சோற்றுக்குக் கீரைச் சோறு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெறும் பிலாஃப் ஒன்று. மெனுவில் பொரித்த நெத்தலியோ சூடையோ கண்டால் அதையும் சொல்லுங்கள். தலையோடு தின்பதில் கிரேக்கரும் நாங்களும் ஒரே சாதி.

இந்தச் சோளகக் காலம், மே முதல் செப்டம்பர் வரை, இங்கே கடல் அமைதி, மீனும் நல்லது, கடைகளும் திறந்திருக்கும். வாடை தொடங்கினால் கடற்கரைக் கடைகளில் பல பூட்டிவிடும். திறந்திருப்பவற்றிலும் பெரும்பாலும் உறைபெட்டி மீன்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

தோழிக்கு இறைச்சி விஷயம். சவர்மாவும் கிரேக்கச் சாப்பாடும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். நெருங்கிய சொந்தம். துருக்கியில் டோனர், அரபு நாடுகளில் சவர்மா, கிரேக்கத்தில் கீரோ. மூன்று பெயருக்கும் வேர் ஒன்றே, சுழல்வது. நிமிர்ந்த கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழலவிட்டுச் சுடுவது 19ஆம் நூற்றாண்டு ஒட்டோமன் துருக்கியில் வந்த முறை. 1923இல் லொசான் ஒப்பந்தத்தின்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது, அதற்கு முந்திய போரிலும் அதிலுமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் துருக்கிப் பக்கமிருந்து கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தார்கள். இன்றைக்குக் கிரேக்கச் சாப்பாடு என்று நாங்கள் சொல்வதில் நிறைய அவர்கள் கையோடு வந்தது. இடம்பெயர்ந்த சனம் எதை விட்டாலும் சமையலை விடாது என்பதைத் திருகோணமலைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ருசியில் வேறுபாடு உண்டு. சவர்மாவில் கறுவா, ஏலம் போன்ற வாசனை, உள்ளிக் களி, ஊறுகாய், மெல்லிய ரொட்டி. கீரோவில் ஒரிகானோ இலை, ட்சட்சிகி, தக்காளி, வெங்காயம், பல இடங்களில் உருளைக்கிழங்குப் பொரியலும். ரொட்டி தடிப்பு, உள்ளே பை மாதிரிப் பிரியாது. ஆனால் ஹலால் பார்ப்பவர் கவனிக்கவேண்டியது, கிரேக்கத்தில் கீரோவும், சின்னக் குச்சியில் குத்திச் சுடுகிற சுவ்லாக்கியும் பெரும்பாலும் பன்றி இறைச்சி. திருகோணமலையில் கோழிதான் இருக்கும் என்று நான் நினைத்தாலும், நினைப்பை நம்பித் தோழியைக் கூட்டிப்போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள், பன்றி அதே கம்பியில் அதே தட்டில் சுடுகிறீர்களா, குழம்பில் வைன் விடுகிறீர்களா. மூன்றாவதை எல்லாரும் மறப்பார்கள். ஒக்டோபஸ் குழம்பிலும் இறைச்சிக் குழம்பிலும் சிவப்பு வைன் விடுவது வழக்கம். பதில் தடுமாறினால் தோழிக்கும் மீன்தான் நிம்மதி.

கம்பியைப் போகிற போக்கில் ஒருமுறை பாருங்கள். இறைச்சி இதழ் இதழாகத் தெரிந்தால் அடுக்கியது. வழவழவென்று ஒரே தூண்போல இருந்தால் அரைத்து உருட்டி வந்தது, வட அமெரிக்காவில் நான் வெட்டியது பெரும்பாலும் இதுதான். அடுப்பை அணைத்துப் பிறகு மூட்டிய கம்பியில் இறைச்சி வாங்கவேண்டாம், வெட்டித் தட்டில் குவித்து வைத்ததையும் வேண்டாம். மத்தியானத்தைவிட ஆட்கள் கூடுகிற பின்னேரம் ஆறு, ஏழு மணிக்குப் போனால் வெளிப்பக்கம் முறுகியதாகக் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு யோசிக்கவே வேண்டாம். கோழிச் சுவ்லாக்கி, பொரித்த உருளைக்கிழங்கு, ரொட்டி. ஹலூமி இருந்தால் ஒன்று. சைப்பிரஸ் நாட்டுச் சீஸ், சுட்டாலும் உருகாது, பல்லில் கடிபடும்போது கீச்சென்று சத்தம் வரும். என் மகள் அந்தச் சத்தத்துக்காகவே கேட்பாள்.

சலட் ஒன்று கட்டாயம். கிரேக்கக் கிராமத்துச் சலட்டில் சலாது இலை கிடையாது. தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், கறிமிளகாய், ஒலிவ் காய், மேலே ஒரு பாளம் ஃபெட்டாச் சீஸ். முக்கால் கிண்ணம் இலையாக வந்தால் உங்கள் காசுக்கு இலை தருகிறார்கள். அம்மாவுக்காக ஃபெட்டாவைப் புறம்பாக ஒரு தட்டில் தரச்சொல்லுங்கள். விலை கூடத்தான் இருக்கும், அதற்குக் காரணம் அந்தப் பாளம். ஃபெட்டா என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கிரேக்கத்துக்கே உரியது என்று பதிவு செய்தது. குறைந்தது 70 வீதம் செம்மறிப்பால், மிச்சம் வெள்ளாட்டுப்பால். அது இங்கே கப்பலேறி வரவேண்டும். மாட்டுப்பால் வெள்ளைச் சீஸை அதே பெயரில் விற்கிற இடங்களும் உண்டு, அது கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுபடும், செம்மறிப்பாலின் காரமான புளிப்பு இருக்காது.

மூசாக்கா எல்லா மெனுவிலும் இருக்கும். கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கி மேலே வெள்ளைச் சோஸ் ஊற்றிச் சுட்டது. அந்த வெள்ளைச் சோஸ் பழையது இல்லை, பிரெஞ்சுச் சமையலில் ஊறிய செலெமெந்தெஸ் என்ற சமையல்காரர் 1920களில் சேர்த்தது. நன்றாகச் செய்தால் அருமை. ஆனால் எங்கள் வெக்கைக்குப் பாரம், காலையில் சுட்டதை மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிற கடைகளும் கூட. முதல்முறை விட்டுவிடுங்கள்.

ஆக ஆறு பேருக்கும் என் கணக்கு: ட்சட்சிகி, ஹமூஸ், சுட்ட கத்தரிக்காய், பொய்க்கார டொல்மாடெஸ், அம்மாவுக்கு அவரைக்கொட்டைச் சட்டி, ஒரு சலட், ஒரு முழு மீன், பிள்ளைகளுக்கும் தோழிக்குமாக ஒரு தட்டுச் சுவ்லாக்கி, ஒரு சோறு, ரொட்டி வேண்டியளவு. முதலே எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். கிண்ணங்கள் முதலில் வரட்டும், பாதி முடிந்தபிறகு மீன் போடச் சொல்லுங்கள். இது கூட என்று தோன்றினால் ஹமூஸைக் குறைக்கலாம், மீனைக் குறைக்கவேண்டாம். மெனு விலையில் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் மேலே ஏறினால் பில் ஏறத்தாழ 30 வீதம் கூடும்.

இனிப்புக்குப் பக்லாவா ஒரு தட்டு ஆறு பேருக்கும் போதும், சீனிப்பாணி கடுமை. அப்பாவுக்கு ஒரு கிரேக்கக் கோப்பி சொல்லுங்கள். சின்னக் கோப்பையில் வரும், கலக்கக்கூடாது, அடியில் மண்டி நிற்கும். கடைசி மிடறை அப்படியே விட்டுவிடவேண்டும் என்று அவருக்கு முதலே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. அவரைக்கொட்டை இரவு ஊறவேண்டிய சாமான், நல்ல மீனும் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். வியாழன் காலையிலேயே கடைக்குப் போன் எடுத்து இரண்டையும் சொல்லி, தோழிக்கான அந்த மூன்று கேள்வியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். மெனுவின் படம் இருந்தால் அனுப்புங்கள், எந்தப் பெயர் என்ன என்று வரிக்கு வரி சொல்லித் தருகிறேன்.